நான்கு பேருக்கும் ஒரே ரிப்போர்ட் என்றால் ஒரே கிருமிதானா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். நீங்கள் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ். உங்கள் ஐசியூவில் ஐந்து வாரத்துக்குள் நான்கு நோயாளிகளுக்குக் கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. நான்கு ரிப்போர்ட்டிலும் மெரோபெனம் உட்பட வரிசையாக ‘ஆர்’ (மருந்து வேலை செய்யாது), கொலிஸ்டினுக்கு மட்டும் ‘ஐ’ (இடைநிலை). “எல்லாம் ஒரே கிருமி, ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போயிருக்கிறது” என்கிறார் உங்கள் டாக்டர். “அப்படிச் சொல்ல முடியாது” என்கிறார்கள் லேபில். யார் சொல்வது சரி, உறுதிப்படுத்த என்ன டெஸ்ட் கேட்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது: தவறு நம் வார்டில் நடந்ததா, அல்லது அவர்கள் வரும்போதே கொண்டுவந்தார்களா? லேப் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். இரண்டாவதற்குப் பாதி பதில் உங்கள் அட்மிஷன் ரெஜிஸ்டரில் இருக்கிறது.

நான் மருத்துவ நுண்ணுயிரியல் படித்து, மருத்துவமனை லேபிலேயே வேலை பார்த்தவன். இந்த வழக்கில் லேப் பக்கம்தான் நிற்பேன். மருந்து எதிர்ப்புப் பட்டியல் ஒன்றுபோல இருப்பது ஏறக்குறைய எந்தச் சாட்சியமும் ஆகாது. இருபது மருந்து போட்டுப் பார்த்து இருபதுக்கும் ‘ஆர்’ என்றால், அந்த இருபதும் சேர்ந்து நமக்குச் சொல்வது ஒரே ஒரு செய்திதான். காரணம் இருக்கிறது. மெரோபெனம் போன்ற கார்பபெனம் மருந்துகளை உடைக்கும் என்டிஎம் போன்ற மரபணுக்கள் தனியாக வருவதில்லை. அமிக்காசின், ஜென்டாமைசின் இரண்டையும் ஒரே அடியில் செயலிழக்கச் செய்யும் மரபணுவும் பல நேரம் அதே பிளாஸ்மிடில், அதாவது கிருமிக்குக் கிருமி தாவக்கூடிய சின்ன டிஎன்ஏ வளையத்தில், கூடவே வரும். சிப்ரோஃப்ளாக்சசினுக்கான எதிர்ப்பு ஏற்கெனவே குரோமோசோமில் இருக்கும். ஆக, ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு கிளெப்சியெல்லாக்கள் அச்சு அசலாக ஒரே ரிப்போர்ட்டைத் தரலாம். இதன் மறுபக்கமும் உண்டு. ஒரே திரிபு (ஸ்ட்ரெய்ன்) இரண்டு நோயாளிகளிடம் வேறு ரிப்போர்ட் தரலாம். கொலிஸ்டின் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே எம்ஜிஆர்பி என்ற சின்ன மரபணு கெட்டுப்போனால் போதும், அதே கிருமி கொலிஸ்டினுக்கும் ‘ஆர்’ ஆகிவிடும். அப்புறம் இன்னொன்று: எம்ஐசி எண், அதாவது கிருமி வளராமல் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்தளவு, ஒரு படி ஏறியோ இறங்கியோ இருந்தால் அதைப் பெரிதாக எடுக்காதீர்கள். அந்த அளவு ஆட்டம் டெஸ்டுக்கே உரியது.

ஜீன்எக்ஸ்பர்ட் போன்ற பிசிஆர் கருவியில் போட்டு நான்கிலும் ‘என்டிஎம் பாசிட்டிவ்’ என்று வந்தால்? மருத்துவமனைக் கூட்டங்களில் அந்தத் தாளைக் காட்டி “பாருங்கள், ஒரே ஸ்ட்ரெய்ன்” என்று முடித்துவிடுவார்கள். அந்த டெஸ்ட் காட்டுவது எதிர்ப்பு மரபணுவை. அந்த மரபணு எந்தக் கிருமிக்குள் உட்கார்ந்திருக்கிறது என்பது வேறு விஷயம். இதற்கு நம் ஊரிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 2008-ல் டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒரு நோயாளியின் கிளெப்சியெல்லாவில் என்டிஎம்-1 முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. 2010-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியும் மற்றவர்களும் சேர்ந்து லான்செட் குழும இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். என்டிஎம்-1 உள்ள கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 கிடைத்தன. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசத்தின் மற்ற இடங்களிலிருந்து 73. பத்திரிகைகள் மரபணுவின் பெயரில் டெல்லி இருப்பதைப் பற்றி (என்டிஎம்-இன் ‘என்டி’ நியூ டெல்லி) சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, என்னைப் போன்றவர்கள் ஆர்வமாகப் படித்தது வேறொரு வரியை. ஹரியானாவின் கிளெப்சியெல்லாக்கள் ஒரே குளோனாக, அதாவது ஒரே தாய்க்கிருமியின் வழிவந்தவையாக, இருந்தன. சென்னையிலும் பிரிட்டனிலும் கிடைத்தவை பல குளோன்களாகச் சிதறியிருந்தன. மரபணு ஒன்றேதான். ஓரிடத்தில் கிருமி பரவியிருக்கிறது, மற்ற இடங்களில் பல கிருமிகளுக்குள் மரபணு புகுந்திருக்கிறது. இரண்டுக்கும் வார்டில் செய்ய வேண்டிய வேலையும் ஒன்றல்ல.

இனி திரிபுகளைப் பிரித்தறியும் முறைகளுக்கு வருகிறேன். அதற்கு முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தப் பதிலில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அதுதான். இந்த முறைகள் எல்லாமே “இல்லை” என்பதை நன்றாகச் சொல்லும். “ஆம்” என்பதைத் தயங்கித்தான் சொல்லும். இரண்டு கிருமிகள் தெளிவாக வேறுபட்டால், ஒன்றிலிருந்து மற்றொன்று போன மாதம் வந்திருக்க வாய்ப்பில்லை, கதை முடிந்தது. ஒன்றுபோல இருந்தால், இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்கலாம் என்று மட்டுமே பொருள். அந்த மூலம் பக்கத்துப் படுக்கையாக இருக்கலாம், இருவரும் முன்பு தங்கிய வேறொரு மருத்துவமனையாகவும் இருக்கலாம். உங்கள் ஊரில் அந்தத் திரிபு எவ்வளவு பரவலாக இருக்கிறதோ, அந்த அளவுக்கு “ஆம்” என்பதன் மதிப்பு குறையும்.

பழைய ஆட்களான எங்களுக்குக் கைப்பழக்கம் பிஎஃப்ஜிஇ முறை (துடிப்பு மின்புல ஜெல்). 1984-ல் ஷ்வார்ட்ஸ், கேன்டர் இருவரும் ஈஸ்ட்டின் முழு குரோமோசோம்களைப் பிரிக்க உருவாக்கியது. சாதாரண ஜெல்லில் பெரிய டிஎன்ஏ துண்டுகள் எல்லாம் ஒன்றாகவே ஓடும், பிரியாது. மின்புலத்தின் திசையை விட்டு விட்டு மாற்றினால், நீளமான துண்டு திரும்புவதற்கு அதிக நேரம் எடுக்கும், பின்தங்கும். அதுதான் தந்திரம். செய்முறையில் முதல் கவலை டிஎன்ஏ உடையாமல் பார்த்துக்கொள்வது. பிப்பெட்டில் உறிஞ்சினாலே உடையும் அளவுக்கு நீளம். அதனால் உயிருள்ள பாக்டீரியாவை உருகிய அகரோஸில் கலந்து, சின்ன அச்சில் ஊற்றி, விரல்நகத்தை விடச் சிறிய கட்டியாக உறையவிடுவோம். கட்டிக்குள்ளேயே செல் சுவரைக் கரைத்து, புரோட்டீனேஸ்-கே போட்டு, பலமுறை கழுவி, அதற்குப் பிறகு டிஎன்ஏவை வெட்டும் நொதியை உள்ளே விடுவோம். கிளெப்சியெல்லாவுக்கு எக்ஸ்பிஏ-1, எம்ஆர்எஸ்ஏவுக்கு (மெதிசிலின் எதிர்ப்பு ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்கு) எஸ்எம்ஏ-1. இந்த நொதிகள் ஜீனோமில் (கிருமியின் மொத்த டிஎன்ஏவில்) மிகச் சில இடங்களில்தான் வெட்டும். அதனால் ஒன்றிரண்டு டஜன் பெரிய துண்டுகளே வரும். இரவு முழுக்க ஜெல் ஓடி, மறுநாள் சாயம் ஏற்றி விளக்கில் வைத்தால் பட்டைகள் தெரியும். கழுவல் சரியில்லை என்றால் பட்டைக்குப் பதில் மேலிருந்து கீழே ஒரு தீற்றல் மட்டும் இருக்கும். சில திரிபுகளில் எவ்வளவு கழுவினாலும் தீற்றல் போகாது. ஜெல் ஓடும்போதே பஃபரில் உள்ள டிரிஸ் காரணமாக டிஎன்ஏ அறுபடுவதுதான் கோளாறு. பஃபரில் கொஞ்சம் தயோயூரியா சேர்த்தால் சரியாகிவிடும்.

பட்டைகளை எப்படிப் படிப்பது என்பதற்கு 1995-ல் டெனோவர் குழுவினர் விதி வகுத்தார்கள். வித்தியாசமே இல்லை என்றால் பிரித்தறிய முடியாதவை. 2, 3 பட்டை வித்தியாசம் நெருங்கிய உறவு, 4 முதல் 6 வரை உறவு இருக்கலாம், 7-ம் அதற்கு மேலும் வேறு. ஏன் 2, 3? நொதி வெட்டும் இடம் ஒன்று புதிதாக உருவாக ஒரே ஒரு மாற்றம் போதும். அப்போது பெரிய துண்டு ஒன்று மறைந்து சின்னத் துண்டுகள் இரண்டு தோன்றும். ஒரு மாற்றத்துக்கு மூன்று பட்டை கணக்காகிவிடும். அந்த விதி குறுகிய காலத்தில் கிடைத்த, 30-க்கு மிகாத மாதிரிகளுக்கென்றே எழுதப்பட்டது. அதை மறந்துவிட்டு இரண்டு வருடக் கிருமிகளை ஒரே ஜெல்லில் அடுக்கி உறவு கண்டுபிடித்த ஆய்வுக்கட்டுரைகளை நிறைய பார்த்திருக்கிறேன். உங்கள் நான்கு மாதிரிகளுக்கு இந்த முறை இன்றும் போதும் என்பது என் கருத்து, செய்யத் தெரிந்த கைகள் கிடைத்தால். பல இடங்களில் கருவி மூலையில் போர்வை போர்த்தி நிற்கிறது.

எம்எல்எஸ்டி என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1998-ல் மூளைக்காய்ச்சல் கிருமிக்காக மார்ட்டின் மெய்டன் குழு கொண்டுவந்தது. ஏழு அடிப்படை மரபணுக்களின் பகுதிகளை வரிசைப்படுத்தி, அந்தச் சேர்க்கைக்கு ஓர் எண் கொடுப்பார்கள்: எஸ்டி231, எஸ்டி147 என்று. எண் என்பதால் வேலூரில் எடுத்ததையும் ரோமில் எடுத்ததையும் ஜெல்லைத் தூக்கிக்கொண்டு போகாமல் ஒப்பிடலாம். உலக அளவில் எது எங்கே பரவியிருக்கிறது என்று அறிய அருமையான முறை. உங்கள் கேள்விக்கு ஏறக்குறைய பயன்படாது. ஏழு பகுதிகளும் சேர்ந்து சுமார் 3,000 டிஎன்ஏ எழுத்து. கிளெப்சியெல்லாவின் ஜீனோம் ஐம்பது லட்சத்துக்கும் மேல். ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூடப் பார்க்காமல், போன வாரம் நடந்ததைச் சொல்லச் சொல்கிறோம். இந்தியாவில் எஸ்டி231 பல மருத்துவமனைகளில் இருக்கிறது. உங்கள் நான்கு பேரும் எஸ்டி231 என்று வந்தால், அது நாட்டுக்குப் பொதுவான ஒன்று உங்கள் வார்டிலும் இருக்கிறது என்று காட்டும், அவ்வளவுதான். எண்கள் வேறாக வந்தால் மட்டும் உடனே நிம்மதியாகலாம்.

இந்தச் சிக்கல் அப்படியே நடந்த இடம் அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனங்களின் மருத்துவமனை. 2011 ஜூனில் நியூயார்க்கிலிருந்து ஒரு நோயாளியை அங்கே மாற்றினார்கள். கார்பபெனம்களை உடைக்கும் கேபிசி என்ற நொதி உள்ள கிளெப்சியெல்லா அவரிடம் இருப்பது தெரியும், தனிமைப்படுத்திக் கவனித்தார்கள். ஜூலை நடுவில் வீடு திரும்பினார். மூன்று வாரம் கழித்து இன்னொரு நோயாளிக்கு அதே வகைக் கிருமி. பிறகு வரிசையாக. மொத்தம் 18 பேர். அவர்களில் 11 பேர் இறந்தார்கள், 6 மரணங்களுக்கு இந்தத் தொற்றே காரணம் என்று முடிவு செய்தார்கள். முதல் ஆளிடமிருந்து வந்ததா, வெளியிலிருந்து புதிதாக வந்ததா? வழக்கமான முறைகளில் பார்த்தால் எல்லாம் எஸ்டி258. அன்றைக்கு அமெரிக்காவில் கேபிசி உள்ள கிளெப்சியெல்லாவில் பெரும்பங்கு எஸ்டி258 தான். அதனால் “ஒன்றுபோல இருக்கிறது” என்ற முடிவுக்கு மதிப்பே இல்லாமல் போனது. கடைசியில் ஒவ்வொரு கிருமியின் முழு ஜீனோமையும் வரிசைப்படுத்தி, ஒற்றை எழுத்து மாற்றங்களை எண்ணினார்கள். எல்லாம் அந்த முதல் நோயாளியிடமிருந்து, மூன்று தனித்தனிப் பரவல்களாகக் கிளம்பியவை என்று தெரிந்தது. இவான் ஸ்னிட்கின் முதல் ஆசிரியராக 2012-ல் வெளியான கட்டுரை அது. எனக்கு அதில் பிடித்தது இன்னொன்று: கிருமி கண்டுபிடிக்கப்பட்ட வரிசையும் பரவிய வரிசையும் ஒன்றாக இல்லை. குடலில் கிருமியைச் சுமந்துகொண்டு எந்த அறிகுறியும் இல்லாமல் படுத்திருந்தவர் நடுவில் பாலமாக இருந்திருக்கிறார். மூன்று வார இடைவெளிக்கும் அதுவே விளக்கம். உங்கள் பட்டியலில் முதலில் பாசிட்டிவ் வந்தவரை ‘முதல் ஆள்’ என்று எழுதுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

ஆக, இன்று கேட்க வேண்டிய டெஸ்ட் முழு ஜீனோம் வரிசைப்படுத்தல்தான். எத்தனை மாற்றம் வரை ஒன்று, எத்தனைக்கு மேல் வேறு என்பதில்தான் சர்ச்சை. கிளெப்சியெல்லாவுக்கு ஐரோப்பிய மருத்துவமனைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்று 21 என்றது. எம்ஆர்எஸ்ஏவுக்கு ஆறு மாத இடைவெளிக்குள் 15 என்று ஒரு பரிந்துரை உண்டு. இவற்றைப் பாஸ் மார்க் போலப் பயன்படுத்தக் கூடாது. எந்த மென்பொருள், எதை ஒப்பீட்டு ஜீனோமாக வைத்தார்கள், மீண்டும் மீண்டும் வரும் பகுதிகளை நீக்கினார்களா என்பதைப் பொறுத்து அதே இரண்டு கிருமிக்கு 12-ம் வரும், 25-ம் வரும். 3 என்று வந்தாலோ 3,000 என்று வந்தாலோ யாரும் சண்டை போட மாட்டார்கள். நடுவில் 20, 40 என்று வரும்போதுதான் நோயாளிகள் எந்தத் தேதியில் எந்தப் படுக்கையில் இருந்தார்கள் என்ற விவரம் தீர்ப்பு சொல்லும். எம்ஆர்எஸ்ஏவின் ஒரு பெரிய குளோனில் ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒரு மாற்றம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த வேகத்தில், ஒரு மாதத்துக்குள் நடந்த பரவலில் மாற்றமே இல்லாமல் இருப்பது இயல்பு. யார் யாருக்குக் கொடுத்தார் என்ற திசையை அப்போது ஜீனோமும் சொல்லாது.

இங்கே கேம்பிரிட்ஜின் ரோஸி மருத்துவமனைக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பச்சிளம் குழந்தைகள் சிறப்புப் பிரிவில் ஆறு மாதத்தில் 12 குழந்தைகளுக்கு எம்ஆர்எஸ்ஏ. இடையிடையே யாருக்கும் இல்லாத நாட்கள் வந்ததால் இது ஒரே தொடர்தானா என்ற சந்தேகம். வார்டை முழுக்கத் தேய்த்துக் கழுவினார்கள். கடைசிக் குழந்தை வெளியேறி 64 நாள் கழித்து இன்னொரு குழந்தைக்கு வந்தது. ஜீனோமைப் பார்த்தால் அதே திரிபு. அப்போதுதான் ஊழியர்கள் 154 பேரைப் பரிசோதித்தார்கள், ஒருவரிடம் அது இருந்தது. தாய்மார்களையும் வெளியில் பரவியதையும் சேர்த்தால் மொத்தம் 26 பேர். அந்த ஊழியரின் ஒரே ஸ்வாபிலிருந்து 20 காலனிகளை (பிளேட்டில் வளர்ந்த கிருமிப் புள்ளிகளை) தனித்தனியாக எடுத்து வரிசைப்படுத்தியபோது, அவை தமக்குள்ளேயே கொஞ்சம் வேறுபட்டன. நாம் லேபில் பிளேட்டிலிருந்து ஒரு காலனியைத்தான் ஊசியால் தொட்டு எடுக்கிறோம். நாட்கணக்கில் ஐசியூவில் கிடப்பவரின் குடலில் இரண்டு வேறு கிளெப்சியெல்லாக்கள் சேர்ந்திருப்பதும் உண்டு. மெக்கான்கி பிளேட்டில் சளிபோலக் கொழகொழவென்று பெரிதாய் ஒன்று, பக்கத்திலேயே தட்டையாய் இன்னொன்று கிடந்தால், இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள். “இல்லை, வேறு” என்ற தீர்ப்பு நன்றாகச் சொல்லப்படும் என்றேன் அல்லவா, அதில் உள்ள ஓட்டை இதுதான்.

இன்னொரு ஓட்டை பிளாஸ்மிட். ஒரு நோயாளியின் ஈ.கோலியில் இருந்த என்டிஎம் பிளாஸ்மிட் வார்டின் வேறொரு கிளெப்சியெல்லாவுக்குள் தாவினால், திரிபு பார்க்கும் எந்த முறையும் “சம்பந்தமில்லை” என்றே சொல்லும். பரவல் நடந்திருக்கும், பரவிய பொருள் வேறு. இதைப் பிடிக்க பிளாஸ்மிடை முழுதாக ஒட்டிப் பார்க்க வேண்டும். குறுகிய துண்டுகளாகப் படிக்கும் இல்லுமினா கருவியில் ஒரு துண்டு பெரும்பாலும் 150 எழுத்து. எதிர்ப்பு மரபணுக்களைச் சுற்றி மீண்டும் மீண்டும் வரும் ஐஎஸ்26 என்ற பகுதியே 800 எழுத்துக்கு மேல் நீளம், ஒட்ட முடியாமல் அங்கேயே அறுந்துவிடும். நானோபோர் போன்ற நீள வாசிப்பு தேவை. அப்படி ஒட்டிய பிறகும், இரண்டு பிளாஸ்மிட்கள் எவ்வளவு ஒத்திருந்தால் அண்மையில் தாவியது எனலாம் என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகோல் கிடையாது.

மலிவான வழிகளைப் பற்றியும் கேட்பீர்கள். மீண்டும் மீண்டும் வரும் டிஎன்ஏ பகுதிகளை வைத்துப் பட்டை வடிவம் தரும் ஈரிக்-பிசிஆர் ஒரே நாளில், சாதாரண பிசிஆர் கருவியில் முடியும். ஆனால் ஒரே ஜெல்லில், ஒரே கை, ஒரே நாளில் செய்தவற்றை மட்டும் ஒப்பிடுங்கள். போன மாத ஜெல் போட்டோவை வைத்துப் பேச முடியாது. கிருமியின் புரதங்களை எடைபோடும் மால்டி-டாஃப் கருவி இனத்தைச் சொல்லும், திரிபைப் பிரிப்பதில் நம்பகமில்லை. அகச்சிவப்பு முறையில் ஐஆர் பயோடைப்பர் என்ற கருவி வந்திருக்கிறது. கிருமியின் மேலுறைச் சர்க்கரைகளின் வித்தியாசத்தைப் பிடிக்கும், வளர்ந்த பிளேட்டிலிருந்து சில மணி நேரத்தில் முடிவு தரும். கிளெப்சியெல்லாவுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. பிளேட்டின் மீடியா மாறினாலும், வளர்ந்த நேரம் கூடக் குறைய இருந்தாலும் முடிவும் மாறும். சல்லடையாக வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் நான்கு பேரைப் பற்றி இங்கிருந்து என்னால் தீர்ப்பு சொல்ல முடியாது. செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். டெஸ்ட் முடிவுக்காகக் காத்திருக்காதீர்கள். நான்கு பேரையும் ஒரே திரிபு என்று வைத்துக்கொண்டே தனிமைப்படுத்துங்கள், கை சுத்தத்தைக் கண்காணியுங்கள், அதே ஐசியூவில் இருக்கும் மற்றவர்களுக்கு மலவாய் ஸ்வாப் எடுங்கள். சிங்க் வடிகாலிலும் ஸ்வாப் எடுக்கலாம். ஆனால் அங்கே அதே கிருமி கிடைத்தால் சிங்க்கிலிருந்து நோயாளிக்கு வந்ததா, நோயாளியைத் துடைத்த தண்ணீரிலிருந்து சிங்க்குக்குப் போனதா என்று ஜீனோம் பார்த்தும் தெரியாமல் போகலாம். பிறகு ஒரு தாளில் நான்கு பேரின் அட்மிஷன் தேதி, வந்த மருத்துவமனை, படுக்கை மாறிய நாட்கள், வென்டிலேட்டர், பிராங்கோஸ்கோப்பி என்று கோடு போட்டு வரையுங்கள்.

இன்றைக்கே லேபுக்கு ஒரு போன் போட்டு, நான்கு கிருமிகளையும் கொட்டிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். ரிப்போர்ட் போன சில நாளில் பிளேட் ஆட்டோகிளேவுக்குப் போய்விடும், அதற்கப்புறம் எந்த முறையும் உதவாது. கிளிசராலில் போட்டு மைனஸ் 80-ல் வைப்பது நல்லது. மறுபடி மறுபடி பிளேட் மாற்றி வளர்த்துக்கொண்டிருந்தால் பிளாஸ்மிட் கழன்றுவிடலாம். வரிசைப்படுத்தும் இடத்துக்கு அனுப்பும்போது நான்கை மட்டும் அனுப்பாதீர்கள். அதே மாதங்களில் வேறு வார்டுகளில், இந்த ஐசியூவோடு தொடர்பே இல்லாத நோயாளிகளிடம் வளர்ந்த கார்பபெனம் எதிர்ப்புக் கிளெப்சியெல்லா நான்கைந்தையும் சேர்த்து அனுப்புங்கள். அவையும் உங்கள் நான்கைப் போலவே வந்தால், ஐசியூவுக்குள் மட்டும் தேடுவதில் பயனில்லை. அவை தனியாகவும் இந்த நான்கு சேர்ந்தும் நின்றால், உங்கள் டாக்டர் சொன்னதற்கு அப்போதுதான் ஆதாரம் கிடைக்கும்.